ஆவணி மூட்டத்தில் பழுக்காத தக்காளி: சென்னை மாடித் தோட்டக்காரர்களுக்கு

ஆடி போய் ஆவணி வந்ததும் சென்னையில் ஒரு ரெண்டுங்கெட்டான் பருவம் தொடங்கும். கத்திரி வெயில் முடிந்து பல வாரம் ஆகியிருக்கும், ஐப்பசி அடைமழைக்கு இன்னும் நாள் இருக்கும். பகலெல்லாம் மூட்டம், சாயங்காலம் மேற்கே இருட்டிக்கொண்டு வந்து இடியோடு ஒரு மழை, மறுநாள் காலையில் பிசுபிசுவென்று ஈரக் காற்று. சில வருடம் இது பத்து நாளில் கலைந்துவிடும், சில வருடம் புரட்டாசி பாதி வரைக்கும் இழுக்கும். அப்படி இழுக்கிற வருடங்களில் மாடியில் செடி வைத்திருக்கிற எல்லோருக்கும் ஒரே புலம்பல்தான். செடி பச்சைப் பசேல் என்று இருக்கிறது, காயும் பிடித்திருக்கிறது, ஆனால் தக்காளி பழுக்கவே மாட்டேன் என்கிறது, கத்தரி கோலிக்குண்டு அளவிலேயே நிற்கிறது, பீர்க்கை பூவாய்ப் பூத்துக் கொட்டுகிறது, இதற்கு என்ன உரம் போடலாம்?

உரம் போட வேண்டாம். இந்தப் பருவத்தில் செய்ய வேண்டியதில் பாதி, வெயில் காலத்திலிருந்து பழக்கத்தில் செய்துகொண்டிருக்கிற சில வேலைகளை நிறுத்துவதுதான். மீதிப் பாதி, எந்தச் செடியிலிருந்து இனி எவ்வளவு கிடைக்கும் என்று கணக்குப் பார்த்து, அக்டோபர் 20 வாக்கில் வடகிழக்குப் பருவமழை இறங்குவதற்குள் காயை வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டு இடத்தைக் காலி செய்வது. பொறுத்திருந்தால் தானாகப் பழுக்கும் என்பது குளிர்நாட்டுக்காரர்களுக்கும் சரியில்லை, அங்கே உறைபனி வந்து செடியைக் கொண்டுபோய்விடும். நமக்கு உறைபனிக்குப் பதில் அடைமழை, அவ்வளவுதான் வித்தியாசம்.

முதலில் ஏன் பழுக்கவில்லை என்று பார்த்துவிடலாம், ஏனென்றால் இணையத்தில் கிடைக்கிற பெரும்பாலான யோசனைகள் குளிரால் பழுக்காத தக்காளிக்குச் சொன்னவை. சென்னையில் ஆகஸ்ட் மாதம் குளிர் என்று சொல்வதெல்லாம் மே மாதத்தோடு ஒப்பிட்டுச் சொல்வதுதான். மூட்டமான நாளில்கூடப் பகலில் 32, 33 டிகிரி, இரவில் 25, 26. தக்காளிக்குச் சிவப்பு நிறம் கொடுக்கிற லைகோபீன் நன்றாக உருவாவது 20 முதல் 25 டிகிரிக்குள். 30 டிகிரியைத் தாண்டினால் அது மட்டுப்பட்டுவிடும், மஞ்சள் நிறத்துக்கான கரோட்டின் மட்டும் உருவாகிக்கொண்டிருக்கும். அதனால்தான் நம் மாடியில் கோடையில் பழுக்கிற தக்காளி, கடையில் வாங்குகிற மாதிரி ரத்தச் சிவப்பாக வராமல் ஆரஞ்சு நிறத்திலேயே நின்றுவிடுகிறது. ஆவணி மூட்டத்தில் இதோடு இன்னொன்றும் சேர்கிறது: இலைக்குப் போதுமான வெளிச்சம் இல்லை. இலை சர்க்கரை செய்தால்தான் காய் பருத்து முற்றும். வெளிச்சம் குறைந்தால் எல்லாமே ஒரு வாரம், இரண்டு வாரம் தள்ளிப்போகும். பூவிலிருந்து பழம் வரை சாதாரணமாக 45, 50 நாள் எடுக்கிற தக்காளி 60 நாளைத் தாண்டினால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

ஆக நமக்குப் பிரச்சினை வெளிச்சமும் இரவு வெக்கையும்தான். குளிரைப் போக்கச் சொல்கிற யோசனைகள், அதாவது பிளாஸ்டிக் தாளால் மூடுவது, கண்ணாடிக் கூண்டு வைப்பது எதுவும் இங்கே உதவாது, செடியை வேகவைத்துவிடும்.

பச்சை வலையைக் கழற்றுங்கள்

இதை இவ்வளவு முக்கியமாகச் சொல்லக் காரணம், இதைப் பெரும்பாலும் யாரும் செய்வதில்லை. ஏப்ரல், மே வெயிலுக்குப் பயந்து 50 சதவீத நிழல்வலை கட்டுகிறோம். கட்டுவதற்குக் கம்பி, கயிறு, ஆள் என்று செலவு ஆகிவிட்டதால் அதை வருடம் முழுக்க அப்படியே விட்டுவிடுகிறோம். கோடையில் அந்த வலை செடியைக் காப்பாற்றும், சரி. ஆனால் மேகமே பாதி வெளிச்சத்தை எடுத்துக்கொள்கிற ஒரு நாளில், மீதியில் பாதியை இந்த வலை எடுத்துக்கொண்டால் செடிக்கு என்ன மிஞ்சும்? காய்க்காத மாடித் தோட்டம் என்று யாராவது படம் அனுப்பினால் நான் முதலில் தேடுவது மேலே பச்சை வலை தெரிகிறதா என்றுதான், பாதிக்கு மேல் தெரியும். ஆடி பிறந்ததும் வலையைச் சுருட்டிவிடுங்கள். முழுக்கக் கழற்ற முடியாவிட்டால் ஒரு பக்கம் கொக்கி போட்டு, திரைச்சீலை மாதிரி இழுத்து மூடுகிற வகையில் மாற்றிக்கொள்ளுங்கள். மூட்டம் கலைந்து திடீரென்று சுள்ளென்று நாலு நாள் அடித்தால் அந்த நாலு நாள் மட்டும் இழுத்துவிடலாம். கீரை நாற்றுக்கும் புதிதாக நட்ட செடிக்கும் வேண்டுமானால் ஒரு மூலையில் கொஞ்சம் வலை இருக்கட்டும்.

அடுத்தது சூரியன் எங்கே போகிறது என்பது. சென்னை 13 டிகிரி அட்சரேகையில் இருப்பதால், ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நடுப்பகல் சூரியன் நம் தலைக்குச் சற்று வடக்கே நிற்கும். ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தில் நேர் உச்சி. அதற்கப்புறம் நாளுக்கு நாள் தெற்கே சாயும், டிசம்பர் கடைசியில் மூன்றடிக் கைப்பிடிச் சுவரின் நிழல் நடுப்பகலிலேயே வடக்குப் பக்கம் இரண்டேகால் அடிக்கு விழும். இதில் நமக்கு என்ன என்றால், தெற்குச் சுவரை ஒட்டி வைத்திருக்கிற தொட்டிகள் ஜூன் மாதம் நல்ல வெயிலில் இருந்திருக்கும், புரட்டாசியில் நிழலுக்குள் போயிருக்கும், தினமும் பார்க்கிற நமக்கு அது தெரியாது. தெற்கே பக்கத்து வீட்டில் நாலு மாடி கட்டிவிட்டார்கள் என்றால் கேட்கவே வேண்டாம். செப்டம்பர் முதல் வாரத்தில் ஒரு வெயில் நாளாகப் பார்த்து, காலை பத்து மணிக்கும் மதியம் இரண்டு மணிக்கும் மாடியில் எங்கே நிழல் விழுகிறது என்று சாக்பீஸால் கோடு போட்டுவிடுங்கள். காய்க்கிற செடிகளை வடக்குப் பக்கமாகத் தள்ளி, தெற்குச் சுவரடியைக் கீரை, புதினா, பொன்னாங்கண்ணிக்குக் கொடுத்துவிடலாம். உயரமான பந்தல் கொடிகள் மாடியின் வடக்கு ஓரத்தில் இருந்தால் மற்றவற்றுக்கு நிழல் கட்டாது.

தண்ணீரும் உரமும்

மே மாதம் காலை மாலை இரண்டு வேளை ஊற்றிய கை சும்மா இருக்காது. மூட்டமான நாளில் பையின் மேல்பரப்பு, முக்கியமாகத் தேங்காய் நார்த் தூள் அதிகம் சேர்த்த பை, காய்ந்த மாதிரிதான் தெரியும், இரண்டு அங்குலத்துக்குக் கீழே சொதசொதவென்று இருக்கும். விரலை இரண்டு கணு அளவுக்கு உள்ளே விட்டுப் பாருங்கள், ஈரம் ஒட்டினால் அன்றைக்குத் தண்ணீர் கிடையாது. ஊற்றுவதாக இருந்தால் காலையில் மட்டும். சாயங்காலம் ஊற்றி, அதன் மேல் இரவு மழையும் பெய்தால் வேர் மூச்சுத் திணறும், இலை மஞ்சளாகும், உடனே அதைச் சத்துக் குறைவு என்று நினைத்து இன்னும் ஏதாவது ஊற்றத் தோன்றும்.

இதில் இன்னொரு சிக்கல், ஏறி இறங்குகிற ஈரம். மூன்று நாள் காயவிட்டு நாலாம் நாள் கொட்டுகிற மழையில் தக்காளி வெடிக்கும். அடிப்பாகம் கறுத்துத் தோல் மாதிரி ஆகிற நோயும் இதே காரணத்தால்தான் பெரும்பாலும் வருகிறது. கால்சியம் காய்க்குப் போய்ச் சேரவில்லை என்பது உண்மை, ஆனால் மண்ணில் கால்சியம் இல்லை என்பதல்ல, அதைக் கொண்டுபோகிற தண்ணீர் சீராகப் போகவில்லை. முட்டை ஓட்டைப் பொடி செய்து போட்டால் அது கரைந்து சேருவதற்குள் இந்தப் பருவமே முடிந்துவிடும். ஈரத்தைச் சீராக வையுங்கள், கறுத்த காயைக் கிள்ளிப் போட்டுவிடுங்கள், அடுத்த கொத்து சரியாக வரும்.

உரத்தைப் பொறுத்தவரை தழைச்சத்து (நைட்ரஜன்) தருகிற எதையும் ஆவணியில் நிறுத்திவிடலாம்: கடலைப் புண்ணாக்குக் கரைசல், மீன் அமிலம், புதுச் சாணம். வெளிச்சம் இல்லாத நாளில் தழைச்சத்து போனால் செடி இலை விடும், தண்டு நீளும், பூ வராது, அசுவினி வரும். இலை வெளிறியிருந்தால் மட்டும் ஒரு பைக்கு ஒரு கை மண்புழு உரம். விறகு அடுப்புச் சாம்பல் கிடைத்தால் ஒரு சிட்டிகை தூவலாம், அதில் உள்ள சாம்பல் சத்து (பொட்டாசியம்) காய்க்கு நல்லது. பஞ்சகவ்யா பழக்கம் உள்ளவர்கள் லிட்டருக்கு 30 மில்லி கலந்து பதினைந்து நாளைக்கு ஒருமுறை காலையில் தெளிக்கலாம். அதற்கு மேல் தினம் ஒரு கரைசல் என்று வைத்துக்கொள்வது செடிக்காக இல்லை, நம் மனசுக்காக.

தக்காளி

இந்தக் கட்டுரையில் பாதி தக்காளிக்குத்தான், வேறு எதுவும் இவ்வளவு படுத்துவதில்லை.

தக்காளி நன்றாகக் காய் பிடிக்க இரவு வெப்பம் 15 முதல் 21 டிகிரிக்குள் இருக்க வேண்டும். நம் ஊரில் ஆகஸ்டில் அது நடக்காது. மகரந்தம் பிசுபிசுத்துப் போய் உதிராது, பூ காம்போடு விழும். காலை ஒன்பதிலிருந்து பதினோரு மணிக்குள் பூங்கொத்தின் காம்பை விரலால் லேசாகச் சுண்டிவிட்டால் கொஞ்சம் பலன் உண்டு. பூ உதிராமல் இருக்க மோரில் பெருங்காயம் கலந்து தெளிக்கிற வழக்கம் மிளகாய்க்கும் தக்காளிக்கும் நம் வீடுகளில் உண்டு, தெளிக்கலாம், கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனால் வானிலை மாறாமல் அது அற்புதம் எதுவும் செய்துவிடாது.

இப்போது கணக்கு. செப்டம்பர் பாதியில் பூத்த பூ பழமாக 45, 50 நாள், மூட்டமென்றால் அதற்கு மேலும். அதாவது நவம்பர் முதல் வாரம். சென்னைக்கு வருடத்தில் பெய்கிற சுமார் 1,400 மில்லிமீட்டர் மழையில் ஏறக்குறைய 60 சதவீதம் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடும். அந்தப் பூ பழமாகிற நேரம் சரியாக இதன் நடுவில் வந்து மாட்டும். அதனால் பழைய செடியில் புரட்டாசி பிறந்த பிறகு வருகிற பூக்களைக் கிள்ளிவிடுங்கள். மனசு வராது, தெரியும். கொடி மாதிரி ஏறிக்கொண்டே போகிற ரகம் என்றால் நுனியையும், இலைக்கக்கத்தில் வருகிற பக்கக் கிளைகளையும் சேர்த்துக் கிள்ளுங்கள். இருக்கிற காய்களுக்கு மட்டும் செடி வேலை செய்யும். பெரியகுளத்து பி.கே.எம். 1 போன்ற குட்டை ரகங்களுக்குப் பக்கக் கிளை கிள்ளுகிற வேலை இல்லை, அது தானாகவே ஓரளவுக்கு மேல் வளராது, ஏறக்குறைய ஒரே சமயத்தில் காய்த்து முடித்துவிடும்.

காய் மேல் வெயில் படட்டும் என்று இலைகளை மொட்டையடிக்காதீர்கள். பழுப்பதற்கு வெளிச்சம் காயின் மேல் படத் தேவையில்லை. இலைகளை எடுத்த மறுநாள் மேகம் விலகி வெயில் அடித்தால் காயின் தோல் வெளுத்து வெந்துவிடும். எடுக்க வேண்டியது தரையிலிருந்து ஒரு சாண் உயரம் வரை உள்ள அடி இலைகளை மட்டும். மழைத்துளி மண்ணில் தெறித்து நோய் ஏறுவது அந்த இலைகள் வழியாகத்தான்.

அப்புறம் பறிப்பது. செடியிலேயே பழுத்தால்தான் ருசி என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. காயின் அடிப்பக்கத்தில் பச்சை மங்கி இளம் மஞ்சளோ ரோஸ் நிறமோ தட்டிய நிலையில் பறித்தால், அதற்குப் பிறகு செடியிலிருந்து அது பெரிதாக எதையும் வாங்கிக்கொள்வதில்லை. வீட்டுக்குள் பழுத்தாலும் ருசியில் பெரிய வித்தியாசம் தெரியாது. மேகமும் மழையுமான வாரத்தில் அந்த நிலையில் பறிப்பதுதான் புத்திசாலித்தனம்: வெடிக்காது, அணில் கடிக்காது, பழ ஈ வராது, செடிக்கும் பாரம் குறையும். மேற்கே இருட்டிக்கொண்டு வருகிறதா, ஓடிப்போய் நிறம் தட்டியதையெல்லாம் பறித்துவிடுங்கள்.

நிறமே தட்டாத பச்சைக் காய் என்றால், முற்றியதா இல்லையா என்று ஒன்றை அறுத்துப் பார்க்கலாம். விதையைச் சுற்றிக் கொழகொழவென்று கூழ் பிடித்து, கத்தி படும்போது விதை வெட்டுப்படாமல் நழுவினால் அந்த அளவுக் காய்கள் எல்லாம் முற்றியவை, பழுக்கும். விதையையும் சேர்த்துக் கத்தி வெட்டினால் பிஞ்சு, அதை எத்தனை நாள் வைத்தாலும் சுருங்கத்தான் செய்யும். பிஞ்சைக் கூட்டோ துவையலோ செய்துவிடுங்கள். பாசிப்பருப்போடு தக்காளிக்காய் கூட்டு, கொஞ்சம் சீரகமும் தேங்காயும் அரைத்து ஊற்றினால், சோறு கூடுதலாக வடிக்க வேண்டியிருக்கும்.

முற்றிய காயைப் பழுக்க வைப்பதற்குப் பெரிய வித்தை எதுவும் வேண்டாம். துடைத்து, ஈரமில்லாமல், காம்புப் பக்கம் கீழே இருக்கும்படி, ஒன்றோடு ஒன்று இடிக்காமல் செய்தித்தாள் விரித்த அட்டைப் பெட்டியில் ஒரே அடுக்காக வையுங்கள். நடுவில் நன்றாகப் பழுத்த ஒரு வாழைப்பழம். அதிலிருந்து வருகிற எத்திலீன் வாயு மற்றதையும் பழுக்க வைக்கும். அரிசி டின்னில் போடுவதும் இதே கணக்குதான், மாங்காய்க்குச் செய்வதுபோல். ஆனால் தக்காளி ஒன்று உடைந்தால் அரிசி வீணாகும், பெட்டியே நல்லது. பிளாஸ்டிக் கவரில் கட்டி வைக்காதீர்கள், நம் ஊர் ஈரத்துக்கு இரண்டே நாளில் பூசணம் பூக்கும். ஜன்னல் விளிம்பில் வெயில் படவும் வைக்க வேண்டாம். ஃபிரிட்ஜ் கூடவே கூடாது, 12 டிகிரிக்குக் கீழே போனால் பச்சைக் காய் பழுக்கும் திறனை இழந்துவிடும், ருசியும் போய்விடும். கார்பைடு கல்லைப் பற்றி யாராவது சொன்னால் காதிலேயே போட்டுக்கொள்ளாதீர்கள், அது தடை செய்யப்பட்ட சமாச்சாரம். தினமும் ஒருமுறை பெட்டியைத் திறந்து அழுகியதை எடுத்துவிடுங்கள். ஒரு வேடிக்கை: இரவில் ஏசி ஓடுகிற அறையில் கட்டிலுக்கு அடியில் வைத்த பெட்டியில் தக்காளி நல்ல சிவப்பாக வரும், சமையலறையில் வைத்தது ஆரஞ்சிலேயே நிற்கும். மேலே சொன்ன 20, 25 டிகிரிக் கணக்குதான் காரணம்.

பந்தல் காய்கள்

சுரை, புடலை, பீர்க்கை மூன்றும் சாயங்காலத்துக்கு மேல் பூ மலர்கிற சாதி. பாகற்காய், பூசணி, வெள்ளரி காலையில் மலரும். இது தெரியாமல் காலை ஏழு மணிக்கு மாடிக்குப் போய், கூம்பிப்போன பீர்க்கம்பூவைப் பிரித்து மகரந்தம் தடவிக்கொண்டிருப்பவர்கள் நிறைய. சென்னையில் ஆவணி மழை பெரும்பாலும் சாயங்காலமும் முன்னிரவும் பெய்கிறது. அதாவது சுரையும் பீர்க்கையும் மலர்கிற நேரத்தில் சரியாக மழை பெய்து மகரந்தத்தை நனைத்துவிடுகிறது, அந்துப்பூச்சியும் வருவதில்லை. பிஞ்சு மஞ்சளாகிக் கொட்டுவதற்கு முக்கியக் காரணம் இதுதான், உரமில்லாமல் இல்லை. பூவுக்குக் கீழே குட்டிப் பிஞ்சு இருந்தால் பெண்பூ, வெறும் காம்பு இருந்தால் ஆண்பூ. சாயங்காலம் ஐந்தரை, ஆறு மணிக்குப் போய், அன்றைக்கு மலர்ந்த ஆண்பூவைப் பறித்து, இதழை ஒதுக்கி, பெண்பூவின் நடுவில் மெதுவாகத் தடவுங்கள். மழை வரும் போலிருந்தால் தடவிய பெண்பூவை ஒரு சின்னக் காகிதக் கூம்பால் மூடி விடியற்காலையில் எடுத்துவிடலாம். புடலையின் ஆண்பூ கொத்தாக வரும், இழை இழையாக இருக்கும், ஒரு பூவே போதும்.

பிஞ்சு பிடித்த பிறகு பழ ஈ. காய்க்குள் முட்டை வைத்து, புழு உள்ளே தின்று, காய் கோணலாகி அழுகும். ஈரக் காற்றில் இது தலைவிரித்தாடும். பிஞ்சு விரல் நீளம் வந்ததும் பழைய வேட்டித் துணியாலோ செய்தித்தாளாலோ உறை போட்டுவிடுவதுதான் எனக்குத் தெரிந்து நம்பகமான வழி. பொறி வாங்குவதென்றால், ஈயை இழுக்க உள்ளே வைத்திருக்கிற மருந்து எது என்று பார்த்து வாங்குங்கள்: மீதைல் யூஜினால் பொறி மாவு, கொய்யாவுக்கு. பாகல், பீர்க்கை, புடலைக்கு வருகிற ஈக்கு கியூ லூர் பொறிதான் வேலை செய்யும். கடையில் எதைக் கொடுத்தாலும் வாங்கி வந்து மாட்டிவிட்டு ஈ விழவில்லை என்று திட்டுவதில் பிரயோஜனம் இல்லை. புழு விழுந்த காயை மட்கு உரத் தொட்டியில் போடாமல் கவரில் கட்டி வெயிலில் இரண்டு நாள் வைத்துவிட்டு எறியுங்கள். புடலைக்கு நுனியில் கல் கட்டுகிற பழைய வழக்கத்தை விட வேண்டாம், சின்னக் கல் போதும், காய் சுருளாமல் நேராக இறங்கும்.

அவரையைப் பற்றி ஒரு வார்த்தை. ஆடிப்பட்டத்தில் போட்ட நாட்டுக் கொடி அவரை பந்தல் முழுக்கப் படர்ந்துவிட்டது, ஒரு பூகூட இல்லை என்று புரட்டாசியில் பிடுங்கிப் போடுபவர்கள் உண்டு. தயவுசெய்து பிடுங்காதீர்கள். அது பகல் நேரம் குறைந்தால்தான் பூக்கிற செடி, கார்த்திகை, மார்கழியில் பூத்து பொங்கலுக்குக் காய் தரும். வெயிலுக்கும் மூட்டத்துக்கும் இதில் சம்பந்தமே இல்லை. சீக்கிரம் வேண்டுமென்றால் செடி அவரை போட்டிருக்க வேண்டும்.

மற்ற காய்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெண்டை இந்த மூட்டத்தையும் ஓரளவு தாங்கும், மெதுவாக வளர்ந்தாலும் முற்றுவது முற்றிக்கொண்டுதான் இருக்கும், அதனால் ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தே ஆக வேண்டும், சிறிதாக இருக்கிறதே என்று விட்டால் நார்தான். இலை நரம்பு மஞ்சளாகிவிட்ட வெண்டையை வைத்திருப்பதில் லாபம் இல்லை, வெள்ளை ஈ அதிலிருந்து நோயைப் பக்கத்துச் செடிக்குக் கொண்டுபோகும். இலை சுருண்ட தக்காளிக்கும் மிளகாய்க்கும் இதே தீர்ப்புதான். மிளகாய் சிவக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம், பச்சையாகப் பறித்தால் அடுத்த பூ சீக்கிரம் வரும். கத்தரி பழைய செடி என்றால் புரட்டாசி முதல் வாரத்தில் முழங்கால் உயரத்துக்குக் கவாத்து செய்துவிடுங்கள், மழையெல்லாம் தாண்டி டிசம்பரில் புதுக் கிளையில் காய்க்கும். தண்டும் நுனியும் வாடித் தொங்கினால் உள்ளே துளைப்பான், வாடிய இடத்துக்குக் கீழே ஒரு விரற்கடை விட்டு வெட்டி எறியுங்கள்.

பூச்சிக்கு வேப்பெண்ணெய் லிட்டருக்கு 3 முதல் 5 மில்லி, காதி சோப்புக் கரைசலில் நன்றாகக் கலக்கி. மூட்டமான நாளில் காலையிலேயே தெளிக்கலாம், இலை கருகாது, சாயங்கால மழைக்குள் காய்ந்திருக்கும். மாவுப்பூச்சிக்கு அதற்கு முன்பு தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடித்துவிட்டுத் தெளித்தால்தான் பிடிக்கும். பூஞ்சை பயம் இருந்தால் சூடோமோனாஸ் என்கிற நல்ல பாக்டீரியாத் தூள் லிட்டருக்கு 5 கிராம். வேப்பெண்ணெயும் சூடோமோனாஸும் ஒரே நாளில் வேண்டாம், இடையில் நாலைந்து நாள் விடுங்கள். செடிகளுக்கு நடுவே காற்று போக இடம் விட்டாலே பாதி நோய் வராது, ஆனால் மாடியில் இடம் விட யாருக்குத்தான் மனசு வருகிறது.

புரட்டாசியில் எதை விதைப்பது

சென்னையில் தக்காளிக்கு நிஜமான பருவம் ஆவணி அல்ல. நவம்பர் கடைசியில் இரவு வெப்பம் 22, 23 டிகிரிக்கு இறங்கிய பிறகு பூத்து, தை, மாசியில் பழுப்பதுதான் நல்ல அறுவடை. ஆவணிச் செடியோடு மல்லுக்கட்டுவதைவிட அதற்கு நாற்று விடுவது மேல். குழித்தட்டில் ஒரு பங்கு புரட்டாசி கடைசியில், இன்னொரு பங்கு ஐப்பசி பாதியில் என்று இரண்டு தவணையாகப் போடுங்கள். முதல் தவணை அடைமழையில் போய்விட்டாலும் இரண்டாவது இருக்கும். தட்டைத் திறந்த மாடியில் வைக்காமல் சன்ஷேடுக்குக் கீழே, காலை வெயில் படுகிற இடத்தில் வையுங்கள். இலைச்சுருட்டை தொந்தரவு அதிகம் உள்ள பகுதி என்றால் பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக் போட்டுப் பார்க்கலாம், அது அந்த நோயைத் தாங்குகிற வீரிய ரகம். ஆனால் அதன் விதையை எடுத்து மறுபடி போட்டால் அதே மாதிரி வராது.

புரட்டாசியில் கறி, மீன் நிறுத்துகிற வீடுகளில் கீரைக்குத் தேவை அதிகம், சிறுகீரை 25 நாளில் தட்டுக்கு வந்துவிடும், இப்போதே தூவிவிடுங்கள். தூவிய பிறகு மேலே கொசுவலைத் துணி விரித்தால் மழைத்துளி விதையைக் குவியலாக ஒதுக்காது, எறும்பும் குறையும். இலைக்கு அடியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அந்த வரிசையை உடனே அறுத்துவிடுங்கள். முள்ளங்கி, நூக்கல், பீட்ரூட் மூன்றும் மழை விட்டு விட்டுப் பெய்யத் தொடங்கிய பிறகு, கார்த்திகையில். கேரட் சென்னையில் விரல் அளவுக்குத்தான் வரும், குழந்தைகளுக்கு வேடிக்கை காட்ட ஒரு பை போதும். காலிஃபிளவர் ஒரு பூவுக்கு ஒரு பை, இரண்டு மாதத்துக்கு மேல், அதுவும் புழுவோடு. அந்த இடத்தில் நான் வெந்தயக் கீரை போட்டுக்கொள்வேன்.

பிடுங்கிய செடிகளின் பைகளை அப்படியே விடாதீர்கள். மண்ணைக் கொட்டி, வேரை எடுத்து, வெயில் அடிக்கிற நாளில் காயவிட்டு, ஒரு கை வேப்பம் புண்ணாக்கும் பழைய உமியும் கலந்து திரும்ப நிரப்புங்கள். மழைக்காலப் பைக்கு நார்த் தூள் குறைவாகவும் செம்மண்ணும் உமியும் கூடுதலாகவும் இருப்பது நல்லது. அடியில் உள்ள துளைகளை வேர் அடைத்திருக்கும், ஒரு கம்பியால் குத்திவிடுங்கள். ஒவ்வொரு பைக்கும் அடியில் இரண்டு செங்கல், தண்ணீர் வடிய, தளமும் காய. நனைந்த பைகளின் எடை சாதாரணமாக நாம் நினைப்பதைவிட அதிகம், மாடி நடுவில் குவிக்காமல் சுவரோரமும் உத்தரம் போகிற இடத்திலும் பிரித்து வையுங்கள். மொட்டை மாடியின் வடிகுழாய் வாயில் நார்த் தூளும் இலையும் அடைத்து, முதல் பெருமழையிலேயே மாடி குளமாகி, கீழ்வீட்டுக்காரர் ஏறி வந்து சத்தம் போடுவது வருடா வருடம் நடக்கிற கதை. வாயில் ஒரு கம்பிச் சல்லடை வைத்தால் போதும்.

பந்தல் கட்டியிருக்கிறவர்கள் அக்டோபருக்குள் முடிச்சுகளைப் பாருங்கள். 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தபோது மரங்களே சாய்ந்தன, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது காற்றைவிடத் தண்ணீர்தான் அதிகம். இரண்டுக்கும் ஒரே ஏற்பாடுதான்: காய்த்து முடிந்த கொடியை அறுத்துப் பாரத்தைக் குறைப்பது, நிழல்வலை ஏதும் மிச்சம் கட்டியிருந்தால் அவிழ்ப்பது. வலை காற்றைப் பிடித்துக்கொண்டு கம்பியோடு சேர்த்து இழுத்துப் போய்விடும். கைப்பிடிச் சுவர் மேல் வைத்திருக்கிற தொட்டி எதுவானாலும் கீழே இறக்கிவிடுங்கள், அதற்குப் புயல் வேண்டியதில்லை, சாதாரணக் காற்றே போதும், கீழே தெருவில் ஆள் நடக்கிறார்கள்.

கடைசியாக, கோடையில் தண்ணீர் நிற்கட்டும் என்று தொட்டிகளுக்கு அடியில் வைத்த தட்டுகள். மழைக்காலத்தில் அவற்றில் நிற்கிற நல்ல தண்ணீரில்தான் டெங்கு கொசு முட்டையிடும், மாநகராட்சிக் கொசு ஒழிப்புப் பணியாளர்கள் வந்தால் முதலில் எட்டிப் பார்ப்பதும் அதைத்தான். எல்லாவற்றையும் எடுத்து, ஓரங்களில் முட்டை ஒட்டியிருக்கும் என்பதால் நன்றாகத் தேய்த்துக் கழுவி, காயவைத்து உள்ளே போட்டுவிடுங்கள். மாசி வரைக்கும் அவை தேவைப்படாது.